கச்சான் சுருளில் கரைந்த அகராதி

அத்தியாயம் 6

“தண்ணி எண்டா என்னெண்டு தெரியாத மனிசனை நீர் எங்கையாவது கண்டிருக்கிறீரோ, மஹ்றூப்?”

மேசையில் பரப்பிக் கிடந்த ஐந்து தாள்களிலிருந்து கண்ணை எடுக்காமலே புனிதம் கேட்டாள்.

“நான் ரெண்டு வருசம் குழாய்க்கிணறு அடிச்சனான் அக்கா. எனக்குத் தண்ணியைத் தெரியும். தண்ணிக்குத்தான் என்னைத் தெரியேல்லை.”

இப்படித்தான் மஹ்றூப். ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் நாக்குச் சுளுக்கிவிடும் அவனுக்கு. வயது நாற்பத்து மூன்று. புத்தளத்து முகாமில் வளர்ந்து, திரும்பி வந்து, கிணறு அடித்துத் தோற்று, கடைசியில் ஒரு ஓட்டோ வாங்கி, அந்த ஓட்டோவோடு புனிதத்திடம் வந்து ஒட்டிக்கொண்டவன். வாடகைக்கு என்று வந்த முதல் நாளே, “விசாரிக்கப் போற வீட்டிலை நீங்கள் குசினிப் பக்கம் போங்கோ, நான் கோழிக்கூட்டுப் பக்கம் போறன், உண்மை ரெண்டிலை ஒண்டிலை இருக்கும்,” என்று சொன்னான். அன்றைக்கே அவனுக்கு வேலை உறுதியாகிவிட்டது.

புனிதத்தின் வேலை மாப்பிள்ளை விசாரணை. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற பெண் வீட்டார் கிளிநொச்சிப் பக்கத்து மாப்பிள்ளையின் பெயரையும் விலாசத்தையும் அனுப்புவார்கள். ஆள் குடிக்கிறானா, முதலில் ஒன்றைக் கட்டி விட்டவனா, தாய் எப்படிப்பட்டவள் என்பதையெல்லாம் ஒரு காலைப்பொழுதில் அறிந்து சொல்லிவிடுவாள். கல்யாணம் நல்லபடி முடிந்தால் அவளை ஒருவரும் நினைப்பதில்லை. அழைப்பிதழ்கூட வராது. ஐம்பத்து மூன்று வயதில், புகையிரத நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை வாடகைக்கு எடுத்து, ஊர்ப்பட்ட வீடுகளின் உள்வீட்டுக் கதையெல்லாம் தெரிந்தவளாக, தன்னைப் பற்றிக் கேட்க ஆளில்லாமல் இருந்தாள். அது அவளுக்கு நோகத்தான் செய்தது. மஹ்றூப்பிடம்கூட அதைச் சொன்னதில்லை.

இந்த முறை வந்தது மாப்பிள்ளைக் கதை இல்லை.

நேற்று, வியாழக்கிழமை மத்தியானம், விசுவமடுவிலிருந்து பஸ்ஸில் வந்த அன்னபாக்கியம் என்ற அம்மா அந்த அறைக் கதிரையில் கால்வாசி மட்டும் இருந்துகொண்டு சொன்னது இவ்வளவுதான். அவருடைய ஊர் வாசிகசாலையில் தில்லைநாதன் என்ற ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் கிழமைக்கு ஒரு போட்டி வைக்கிறார். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள். அந்தக் கிழமை அவர் சொல்லுகிற இரண்டு எழுத்து உள்ளே வரவேண்டும். பக்கத்தில் தமிழில் கருத்து எழுத வேண்டும். விறாந்தையில் இருக்கிற பெட்டிக்குள் போட்டால், வியாழன் காலை திறந்து, ஆகக் கூடின சொல் எழுதின தாளை அறிவித்தல் பலகையில் குத்திவிடுவார். பரிசு ஒரு பேனை. ஐந்து கிழமையாக ஒரே கையெழுத்துத்தான் வெல்லுகிறது. பெயர் இல்லை. பேனை வாங்க ஆளும் வரவில்லை.

பேப்பர் பார்க்கப் போன அன்னபாக்கியம் நேற்றுக் காலை அந்தப் பலகையில் ஒரு வரியைக் கண்டுவிட்டார்.

ELBOW - முழங்கை. மாமா சைக்கிளால விழுந்து பத்து நாள் காட்டித் திரிஞ்ச இடம்.

“இது என்ர பிள்ளை நிதர்சனா எழுதினது,” என்றார் அன்னபாக்கியம், வாத்தியாரிடம் கேட்டு வாங்கி வந்த ஐந்து தாளையும் மேசையில் வைத்து. “எழுத்து வேறை ஆளின்ரை. கதை அவளின்ரை. தம்பி இளையதம்பிதான் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தவன். அவன்ர டிக்சனறியின்ர ஓரமெல்லாம் இப்பிடித்தான் கிறுக்கி வைப்பாள். கடைசி இடப்பெயர்விலை நான் படுக்கையிலை கிடந்த அம்மாவோடை நிண்டுட்டன். பிள்ளையைத் தம்பியோடை அனுப்பினனான். அவளுக்குப் பதினாலு வயசு. பதினாறு வருசம் போட்டுது. ரெண்டு பேரும் வரேல்லை.”

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் ஒரு அலுவலகத்துக்குப் போக வேண்டும். காணி தம்பியின் பெயரில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் தம்பியும் மகளும் இறந்துவிட்டார்கள் என்று இரண்டு பத்திரத்தில் ஒப்பம் வைக்க வேண்டும். இத்தனை வருசமாகத் தவிர்த்துவந்தவர், மழை ஒழுகும் வீட்டை இனியும் இழுத்துக்கொண்டு போக முடியாமல் சம்மதித்திருந்தார். சம்மதித்து நாலாம் நாள் இந்த முழங்கை.

“அந்த டிக்சனறி தம்பியோடைதான் போனது. தம்பி இருந்தால் பிள்ளையும் இருப்பாள். அவளை விட்டுட்டு அவன் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டான். திங்களுக்கு முதல் கண்டுபிடிச்சுத் தாங்கோ தங்கச்சி. உயிரோடை இருக்கிறதுகளைச் செத்ததுகள் எண்டு நான் எழுதிக் குடுக்கக் கூடாது.”

அந்தப் பேச்சு இரவு முழுக்கப் புனிதத்தின் காதுக்குள் நின்றது. அவளுடைய கணவனைக் கடல் கொண்டுபோய் மூன்றாம் நாள்தான் திருப்பித் தந்தது. முல்லைத்தீவுக் கரையில் அவள் நின்ற அந்த மூன்று நாளை இன்னும் மறக்கவில்லை. இந்த மனுசி பதினாறு வருசம் நின்றிருக்கிறார்.

“சரி, தண்ணிக்கு வாங்கோ,” என்றான் மஹ்றூப்.

புனிதம் முதலாவது தாளைத் தள்ளினாள். “முதல் கிழமை A உம் E உம் வரவேணும். இந்த ஆள் ABATE எழுதியிருக்குது. தணிதலாம். KNEAD எழுதியிருக்குது. மாப் பிசையிறதாம். இவ்வளவு கெட்டிக்கார ஆளுக்கு WATER தெரியேல்லை. TABLE தெரியேல்லை. ரெண்டிலையும் அந்த ரெண்டு எழுத்தும் இருக்குது. நேசறிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.”

“மூண்டாம் கிழமை?”

“I உம் T உம். AUDIT இருக்குது. கணக்காய்வு. NIGHT இல்லை.”

“இருட்டுக்குப் பயமான ஆளா இருக்கும்.”

“மஹ்றூப்.”

“சரி அக்கா, நான் கதைக்கேல்லை.”

“இந்த ஆள் மனசிலை இருந்து எழுதேல்லை. புத்தகத்தைப் பாத்து எழுதுது. அந்தப் புத்தகத்திலை தண்ணி இல்லை, மேசை இல்லை, இரவு இல்லை. ஒவ்வொரு தாளிலையும் கடைசிச் சொல்லை மட்டும் வாசியும்.”

மஹ்றூப் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வாசித்தான். முதல் தாள் LEAVE என்று முடிந்தது. இரண்டாவது JUROR. மூன்றாவது HABIT. நாலாவது GUARD. நேற்றைய தாள் FLEET. வாசித்து முடித்ததும் அவன் முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது.

“பின்னுக்கு வருது,” என்றான்.

“ஓம். முதல் கிழமை புத்தகம் L மட்டும் இருந்தது. இப்ப F மட்டும்தான் இருக்குது. அந்த டிக்சனறியை ஆரோ பின்பக்கத்தாலை தின்னுகினம்.”

“கறையானோ?”

“கறையான் ஒழுங்காத் தின்னாது. கிழமைக்கு ஒண்டு ரெண்டு எழுத்தெண்டு கணக்காத் தின்னுறது மனிசர்தான். ஒரு புத்தகத்தைத் தாள் தாளாக் கிழிக்க ஆருக்குத் தேவை?”

மஹ்றூப் யோசித்தான். வடைக்கடைக்கு இந்தத் தாள் ஆகாது, எண்ணெய் ஊறிப் பிய்ந்துவிடும். மரக்கறிக்காரர் எல்லாரும் இப்போது பொலித்தீன் பைதான். மீனுக்கென்றால் பத்திரிகைத் தாள் வேண்டும். மெல்லிசான, சின்னத் தாள், சுருட்டினால் நிற்கவும் வேண்டும்.

“கச்சான்,” என்றான். வறுத்த நிலக்கடலைச் சுருளுக்குத்தான் அந்த அளவு சரி.

“பெட்டிக்குள்ளை தாள் விழுறது எப்பவும் புதன்கிழமை எண்டு தில்லைநாதன் சேர் போனிலை சொன்னவர். விசுவமடுவுக்குப் புதன்கிழமையிலை மட்டும் வாற கச்சான்காரர் எத்தினை பேர்?”

“மூண்டு பேர். மற்ற நாளிலை ஒருத்தர் பரந்தன் சந்தியிலை, மற்றவர் தருமபுரத்திலை, மூண்டாமவர் கண்டாவளைப் பக்கம்.” மணியைப் பார்த்தான். “ஜும்மாவுக்குப் போட்டு வந்திடுறன் அக்கா. அல்லாவிட்டையும் ஒருக்காக் கேட்டுப் பாப்பம்.”

அவன் போனபின் அறை வெறிச்சென்று ஆனது. புனிதம் காலையில் கட்டிய சோற்றுப் பார்சலை அவிழ்த்தாள். ஒரு ஆளுக்குச் சமைப்பது பெரிய கரைச்சல். எதைச் செய்தாலும் மிஞ்சும், மிஞ்சியதையே அடுத்த நேரமும் தின்ன வேண்டும். யாழ்ப்பாணத்துக்குப் போகிற ரெயில் நின்று புறப்பட்டது. சாப்பிட்டபடியே FLEET என்பதற்கு எழுதியிருந்த கருத்தை வாசித்தாள். கப்பல் கூட்டம், எங்கட வீட்டில தாறாக் கூட்டம். அந்தப் பிள்ளையை அவள் கண்டதேயில்லை. இருந்தும் பக்கத்தில் இருந்து கதைப்பது மாதிரி இருந்தது. உயிரோடு இருந்தால் இப்போது முப்பது வயது. இருக்க வேண்டும் என்று புனிதம் மனதார விரும்பினாள்.

*

பரந்தன் சந்தியில் சுருள் பத்திரிகைத் தாள். தருமபுரத்தில் பிள்ளைகளின் பழைய கணக்குக் கொப்பி. இரண்டு இடத்திலும் கச்சானை மஹ்றூப்தான் தின்ன வேண்டி வந்தது.

“விசாரணை முடியிறதுக்கிடையிலை எனக்கு வயித்தாலை போகப் போகுது,” என்று சொல்லிக்கொண்டே கண்டாவளை வீதியில் ஓட்டோவைத் திருப்பினான்.

நெல் அறுத்து முடிந்த வயல்களில் மாடுகள் நின்றன. ஒரு நெற்களஞ்சியத்தின் வாசலில், வேப்பமர நிழலில், கண்ணாடிப் பெட்டி பூட்டின சைக்கிள் வண்டி. பக்கத்தில் நரைத்த தாடியோடு ஒரு மனிதர் நின்று தாச்சியில் மணலோடு கச்சானைப் பிரட்டிக்கொண்டிருந்தார். வாங்க ஆளில்லை. அது அவருக்குப் பெரிய விசயமாகவும் தெரியவில்லை.

“ஒரு சுருள் தாங்கோ அண்ணை,” என்றான் மஹ்றூப்.

சுருளைக் கையில் வாங்கியதும் அவன் புனிதத்தின் பக்கம் திரும்பி இமையைச் சிமிட்டினான். தாளில் பொடி எழுத்து. ஆங்கிலம்.

புனிதம் ஓட்டோவை விட்டு இறங்கி வந்தாள். “இந்தப் பேப்பர் எங்காலை எடுக்கிறனீங்கள் அண்ணை?”

“கிளிநொச்சியிலை பழைய பேப்பர் கடை. கட்டாத் தருவினம்.”

“இங்கிலீஷ் புத்தகம் போலை கிடக்குது. வாசிப்பியளோ?”

“கச்சான் விக்கிறவனுக்கு என்னத்துக்கம்மா இங்கிலீஷ்.”

“உங்கட பேர்?”

“ஞானம் எண்டு கூப்பிடுவினம்.”

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. புனிதத்தின் மனது விழுந்துபோனது. எங்கேயோ ஒரு இடிந்த வீட்டில் கிடந்த புத்தகம், பழைய இரும்புக்காரனிடம் போய், பேப்பர் கடைக்குப் போய், இந்த மனிதரின் கையில் வந்திருக்கிறது. வேலை இல்லாத நேரம் பார்த்து எழுதிப் பெட்டியில் போட்டிருப்பார். இந்த வன்னியில் எத்தனையோ புத்தகம் அப்படித்தானே அலைந்தது. அன்னபாக்கியத்திடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி அவள் திரும்பி நடந்தாள்.

பின்னால் மஹ்றூப் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். “இது என்ன சுருளக்கா, குழந்தைப்பிள்ளையின்ர விரலுக்குப் போடுற தொப்பி மாதிரி. மற்ற ரெண்டு பேரும் மரியாதையாத் தந்தவங்கள். இந்தாள் பேணியாலை அளந்து போட அரைவாசி வெளியிலை கொட்டுது. பேந்து கையிலை அள்ளித் தருது.”

புனிதம் நின்றாள்.

“அந்தச் சுருளைத் தாரும்.”

கச்சானை அவன் உள்ளங்கையில் கொட்டிவிட்டுத் தாளை விரித்தாள். மேலும் கீழும் அச்சகத்தில் வெட்டினது. உள்பக்கம் புத்தகத்திலிருந்து கிழித்தது. நாலாவது பக்கம், வெளி ஓரம், கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. எழுத்தைத் தொட்டும் தொடாமலும், மிகப் பக்குவமாக. அவள் திரும்பிப் போய், கண்ணாடிப் பெட்டிக்கு மேல் அடுக்கியிருந்த சுருள்களில் இன்னும் இரண்டை எடுத்து விரித்தாள். அவற்றிலும் அப்படியே.

“கச்சான்காரருக்குத் தாள் பெரிசா இருந்தாத்தானே நல்லது,” என்றாள் மெல்ல. “ஆரும் வெட்டிச் சின்னனாக்கமாட்டினம். கொட்டிக் கொட்டி அள்ளிக் குடுத்துக்கொண்டு நிக்கமாட்டினம்.”

அந்த மனிதர் தாச்சியைப் பிரட்டுவதை நிறுத்தவில்லை.

“ஓரத்திலை பென்சிலாலை எழுதியிருந்ததை எங்கை வைச்சிருக்கிறியள், இளையதம்பி அண்ணை?”

அகப்பை நின்றது. அவர் குனிந்து அடுப்பை அணைத்தார். வண்டிக்குக் கீழே கையை விட்டு ஒரு பிஸ்கட் பேணியை எடுத்து, மூடியைத் திறந்து, பெட்டிக்கு மேல் வைத்தார். உள்ளே விரலகலக் கடதாசி நாடாக்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, நூலால் கட்டி. எல்லாவற்றிலும் பென்சில் கிறுக்கல்.

“பிள்ளை?” என்று கேட்டாள் புனிதம். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

“வைகாசி மாதம். பங்கருக்குள்ளை இருந்தவள் தண்ணி விடாய்க்குது எண்டாள். நான் எடுக்கப் போனனான். திரும்பி வர…” அவர் கையைத் துவாயில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். “ரெட்டைப் பனைக்குக் கீழை நான்தான் தாட்டனான். பேந்து முகாம், பேந்து வேறை வேறை இடம். வெளியிலை வந்த அண்டைக்கே அக்கா இருக்கிற இடம் தெரியும். ஏழெட்டுத் தரம் விசுவமடு மட்டும் போனனான். என்னெண்டு படலையைத் திறக்கிறது? பிள்ளை எங்கை எண்டு கேப்பா. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து பதினாறு வருசம்.”

மஹ்றூப் கையில் இருந்த கச்சானைத் தின்னாமல் வைத்துக்கொண்டு நின்றான்.

“பேந்தேன் பெட்டிக்குள்ளை போட்டனீங்கள்?”

“அக்கா அங்கை பேப்பர் பாக்க வாறவா எண்டு தெரியும். அவளின்ர கதையை அவா ஒருக்கா வாசிக்கட்டும் எண்டு. பின்னாலை இருந்து கிழிச்சுக்கொண்டு வந்தனான். A முடியிற அண்டைக்குப் போய்ச் சொல்லிப்போடுறது எண்டு எனக்கு நானே தவணை வைச்சனான்.” தலையைக் குனிந்துகொண்டார். “நீங்கள் வந்திட்டியள். நீங்களே சொல்லிவிடுங்கோ அம்மா. ரெண்டு பேரும் இல்லை எண்டே சொல்லுங்கோ. திங்கட்கிழமை கையெழுத்து வைக்கப் போறா எண்டு கேள்விப்பட்டனான். வைக்கட்டும். காணியாவது அவவுக்கு வரும்.”

புனிதத்துக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே அவர்மேல் இரக்கமும் வந்தது, இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

“ஆள் குடிகாரன், ஆள் நல்லவன் எண்டு சொல்லுறது என்ர வேலை. இதை நான் சொல்லமாட்டன். கந்தோரிலை கேக்கிறது ஒரு பேப்பர் அண்ணை. உங்கட அக்கா இடத்தைக் கேப்பா. ரெட்டைப் பனை எங்கை எண்டு உலகத்திலை ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளைச் செத்துப்போச்சுது எண்டு என்னாலை சொல்லேலாது.”

அவர் நாடாக்களை அடுக்கிச் சரிப்படுத்தினார். பிறகு பேணியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“வண்டில்?” என்றார்.

“களஞ்சியத்துக் காவல்காரரிட்டைச் சொல்லுறன்,” என்றான் மஹ்றூப். “கச்சானைத் தின்னாமல் பாப்பார் எண்டு என்னாலை உத்தரவாதம் தரேலாது.” ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

ஓட்டோவின் பின்சீட்டில் புனிதம் ஒரு ஓரம், இளையதம்பி மற்ற ஓரம், நடுவில் பேணி. வழியில் ஒரு தடவை அவர், “அக்காவுக்கு இப்பவும் பிறசர் இருக்குதோ?” என்று கேட்டார். புனிதத்துக்குத் தெரியவில்லை.

விசுவமடுவில் வெயில் சாய்ந்திருந்தது. தகரக் கூரை வீட்டின் முற்றத்தில் பாயில் மிளகாய் காயப் போட்டு, அன்னபாக்கியம் குந்தியிருந்து கிண்டிக்கொண்டிருந்தார். ஓட்டோச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். இளையதம்பி இறங்கினார். படலையில் கை வைத்தார். திறக்கவில்லை. அன்னபாக்கியமே எழும்பி வந்து திறந்தார். தாடியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

“வந்திட்டியா,” என்றார்.

இளையதம்பி வாயைத் திறந்தார். அன்னபாக்கியம் அதற்குக் காத்திருக்கவில்லை. தம்பியின் தோளைப் பிடித்து ஒரு பக்கம் விலக்கிவிட்டு அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

வெயிலுக்காக ஓட்டோவின் பக்கத் திரை இறக்கி விட்டிருந்தது. உள்ளே இருட்டு. பின்சீட்டில் ஒரு பெண் இருப்பது மட்டும் தெரிந்தது. அன்னபாக்கியத்தின் முகத்தில் அப்போது வந்ததைப் புனிதம் பார்த்தாள், பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். மிளகாய்க் கையைச் சேலையில் அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டு அந்த அம்மா வீதிக்கு வந்தார்.

“ஏன் பிள்ளை உள்ளுக்கையே இருக்கிறாய்,” என்றார். “இறங்கி வா.”

மஹ்றூப் கைபிடியைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். இளையதம்பி படலையடியில் நின்றார். இறங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. புனிதம் திரையை விலக்கித் தன் முகத்தை வெளிச்சத்தில் காட்டினாள்.